என் தோட்டத்துத் தண்ணீர் போன இடம்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, தூர் வாருவதற்காகப் பக்கத்து வீட்டுக் கிணற்றில் இறங்கிய ஏழுமலை பாதி வேலையில் மேலே ஏறி வந்தான். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தான். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னான்:

"சார்... உள்ளாற ஒரு பக்கம் ஊத்து கறுப்பா வந்துகினு கீது. நாத்தம் தாங்கல. உங்க வூட்டுப் பக்கம் சார். நாம குழி வெட்டுனோமே, அந்த மூலை."

கையிலிருந்த காபி டம்ளரைக் கிணற்றுச் சுவர் மேல் வைத்தேன். அப்புறம் அதை எடுக்கவில்லை.

இந்த வாரம் உங்களைச் சிரிக்க வைக்க என்னிடம் எதுவும் இல்லை. மின்சார ரயிலில் தொங்கிக்கொண்டு படிக்கிறவர்கள், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தூக்கம் வருகிற வரைக்கும் படிக்கிறவர்கள் எல்லாரும் தாராளமாகப் பக்கத்தைப் புரட்டிவிடலாம். ஆனால், சென்ற மழைக்காலத்தில் இதே இடத்தில் நான் எழுதியதை நம்பி யாராவது தங்கள் கொல்லையில் மண்வெட்டியைப் போட்டிருந்தால்... அவர்கள் மட்டும் தயவுசெய்து கடைசி வரி வரைக்கும் வர வேண்டும்.

தெரியாதவர்களுக்காகக் கதையை முதலிலிருந்து சொல்கிறேன்.

தாம்பரத்துக்கு மேற்கே, முடிச்சூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, வயலாக இருந்த இடத்தை மனைகளாகப் பிரித்து விற்றார்கள். "நெல்லு விளைஞ்ச பூமி சார், தங்கம்" என்றார் புரோக்கர். நாங்களும் தலையாட்டினோம். நெல் விளைகிற பூமி என்றால் தண்ணீர் நிற்கிற பூமி என்று அர்த்தம்... அது ஆபீஸ் போகிற ஒருத்தருக்கும் தோன்றவில்லை. ரிஜிஸ்டிரார் ஆபீஸில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஸ்வீட் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனோம்.

முதல் ஐப்பசியில் புரிந்துவிட்டது. வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. அஸ்திவாரம் உயரமாகத்தான் போட்டிருந்தோம். ஆனால் கொல்லை முழுக்கக் குளம். மழை விட்ட பிறகும் தை மாசம் வரைக்கும் வற்றாது. அடியில் நாலடிக்குக் களிமண். ஒரு சொட்டு இறங்காது. தென்னங்கன்று அழுகியது, கொசு பெருகியது. செப்டிக் டேங்க் நிறைந்து வழிந்து, கொல்லைத் தண்ணீரோடு கலந்து, அதன் மேல் செங்கல் போட்டுத் தாண்டித் தாண்டித்தான் என் மனைவி சரோஜா கொடிக்குத் துணி காயப்போடப் போவாள்.

மூன்று மழைக்காலம் பொறுத்தேன். போன ஆவணியில் களத்தில் இறங்கினேன். பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்ற திமிர் ஒன்று உண்டு அல்லவா? அது எனக்குக் கொஞ்சம் கூடுதல்.

கொத்தனாரிடம் ரப்பர் குழாய் இரவல் வாங்கி, அதில் தண்ணீர் ஊற்றிக் கொல்லை முழுக்க மட்டம் பார்த்தேன். வடமேற்கு மூலைதான் பள்ளம். சரி, எல்லாத் தண்ணீரும் அந்த மூலைக்கே போகட்டும் என்று முடிவு செய்தேன். வண்டி வண்டியாகச் செம்மண் அடித்து, வீட்டுச் சுவரிலிருந்து அந்த மூலைக்குச் சரிவு கொடுத்தேன். நடுவில் நேராக இல்லாமல், பார்க்க அழகாக வளைந்து வளைந்து போகிற மாதிரி ஒரு வாய்க்கால். அதில் உடைந்த செங்கல், அதன் மேல் மணல். இரண்டு கரையிலும் கல்வாழை, பூவன் வாழை, சேப்பங்கிழங்கு. முடிகிற இடத்தில் ஒரு உறிஞ்சு குழி.

அந்தக் குழியை வெட்டியவன்தான் ஏழுமலை. எங்கள் பக்கத்தில் கிணறு, குழி எது வெட்டுவதானாலும் அவன்தான்.

வெட்டும்போதே ஒரு தடவை நிமிர்ந்து கேட்டான். "சார், அந்தாண்ட பக்கத்து வூட்டுக் கெணறு ரொம்ப கிட்ட கீது. கொஞ்சம் இந்தாண்ட தள்ளி வெட்டலாமா?"

"கிணறு பதினஞ்சு அடி. நம்ம குழி அஞ்சு அடி. ரெண்டுக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்றேன்.

அவன் தோளைக் குலுக்கிவிட்டு வெட்டினான். நாலரை அடியில் களிமண் முடிந்து, வெள்ளை வெளேரென்று மணல் வந்தது. ஒரு குடம் தண்ணீரை ஊற்றிப் பார்த்தோம். ஊற்றி முடிப்பதற்குள் காணோம். எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை என்னவென்று சொல்ல... குளியலறைத் தண்ணீர், பாத்திரம் கழுவுகிற தண்ணீர் எல்லாவற்றையும் வாய்க்காலில் திருப்பினேன். செப்டிக் டேங்கிலிருந்து வழிகிற குழாயையும் சேர்த்தே திருப்பினேன். எதற்கு அது மட்டும் தனியாக?

அந்த ஐப்பசியில் அடைமழை. கொல்லையில் தண்ணீர் நிற்கவே இல்லை. சரோஜா பின்வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவு தண்ணியும் எங்கங்க போகுது?"

"பூமிக்குள்ள."

"பூமிக்குள்ள எங்க?"

"அதை நாம எதுக்குக் கேக்கணும்? போச்சா இல்லையா, அதைச் சொல்லு."

போய்த்தான் இருந்தது. அடுத்த வாரமே இந்தப் பத்தியில் அத்தனையையும் எழுதினேன். வாய்க்கால் எவ்வளவு அகலம், செங்கல் எவ்வளவு உயரம், எந்தச் செடி தண்ணீரைத் தாங்கும், எல்லாம். சரோஜா கேட்ட கேள்வியையும் எழுதி, அதைப் பெண்களின் அறியாமை என்று கிண்டல் வேறு செய்திருந்தேன். நீங்களும் சிரித்தீர்கள். கடிதங்கள் வந்தன.

இப்போது பக்கத்து வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எனக்கு மேற்கு மனை ஞானசிகாமணி சாருடையது. மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்கு வாத்தியார். அவர் மனைவி எமிலியும் அதே பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். ஷீலா என்று நாலு வயதில் ஒரு பெண். கிறிஸ்துமஸ் கேக் வேலிக்கு இந்தப் பக்கம் வரும், தீபாவளி முறுக்கு அந்தப் பக்கம் போகும். அவர் எனக்கு சார், நான் அவருக்கு சார். ஐந்து வருஷத்தில் ஒரு தடவைகூடக் குரல் உயர்ந்து பேசிக்கொண்டதில்லை. இதை நான் பெருமையாகப் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

எமிலி டீச்சர்தான் கலகலப்பு. வாரா வாரம் நான் பத்தி எழுத உட்காருகிற நாள் அவருக்குத் தெரியும். வேலியோரம் வந்து, "இந்த வாரம் யார் தலைய உருட்டப் போறீங்க சார்? எங்க ஹெட்மாஸ்டரைப் பத்தி வேணும்னா நான் எடுத்துக் குடுக்கட்டுமா?" என்பார். போன கார்த்திகையில் அவருக்கு ஐந்தாவது மாதம். சரோஜா புளிச்சாதம் செய்கிற அன்றெல்லாம் ஒரு கிண்ணம் வேலி தாண்டிப் போகும்.

பொங்கலுக்கு முந்திய வாரம் அவருக்குக் காய்ச்சல் வந்தது. சாப்பாட்டைக் கண்டாலே குமட்டல். பிள்ளைத்தாச்சிக்கு இதெல்லாம் சகஜம் என்று நினைத்தார்கள். பிறகு கண் மஞ்சளானது.

மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி... இது யாருக்குத்தான் தெரியாது? எங்கள் கொல்லையில் என் வாய்க்காலின் கரை நெடுக அது தானாக முளைத்து மண்டிக் கிடந்தது. சரோஜா தினமும் காலையில் ஒரு கைப்பிடி பறித்து, அரைத்து, மோரில் கலந்து கொண்டுபோய்க் கொடுத்தாள். எமிலி டீச்சர் முகத்தைச் சுளித்துக்கொண்டே குடிப்பாராம். "உங்க தோட்டத்துல எல்லாமே செழிப்பா வருது அக்கா" என்றாராம்.

ஒன்பதாவது நாள் பேச்சு குழற ஆரம்பித்தது. டாக்ஸி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நானும் கூடப் போனேன். டாக்டர் பரிசோதித்துவிட்டு வெளியே வந்தார்.

"கர்ப்பமா இருக்கிறப்ப இது வந்தா ரொம்ப மோசம். தண்ணில வர்றது. எந்தத் தண்ணி குடிக்கிறாங்க?"

ஞானசிகாமணி சார் என்னைப் பார்த்தார். ஒரு கணம்தான். பிறகு டாக்டரிடம் திரும்பி, "ஸ்கூல்லயும் குடிப்பா டாக்டர்... எங்கன்னு சொல்ல முடியல" என்றார்.

அந்தப் பார்வைக்கு அப்போது எனக்கு அர்த்தம் தெரியவில்லை. பயந்துபோயிருக்கிறார், தைரியம் சொல்ல வேண்டும் என்று தோளில் கை வைத்தேன். ஆமாம், நான்தான் அவருக்குத் தைரியம் சொன்னேன்.

நாலு நாளில் டீச்சர் போய்விட்டார். வயிற்றிலிருந்த குழந்தையும் போய்விட்டது. அந்த வாரமும் நான் பத்தி எழுதிக் கொடுத்தேன். எதைப் பற்றி என்று ஞாபகமில்லை. சிரிப்பாகத்தான் இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு ஞானசிகாமணி சார் காலையில் சைக்கிள் கேரியரில் குடத்தைக் கட்டிக்கொண்டு, ரோட்டு முனையில் இருக்கிற அடிபம்பில் தண்ணீர் பிடித்து வருவதைப் பார்த்திருக்கிறேன். கிணறு கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்க, ஏன் இப்படி என்று எனக்குத் தோன்றவில்லையா? தோன்றியது. டீச்சர் ஞாபகம் வரும் போலிருக்கிறது, அதனால் அந்தக் கிணற்றுப் பக்கம் போகப் பிடிக்கவில்லை என்று நானே ஒரு காரணத்தைத் தயாரித்துக்கொண்டேன். எழுத்தாளன் இல்லையா? காரணத்துக்கா பஞ்சம்?

கத்திரி வெயிலில் கிணறு அடிமட்டத்துக்கு இறங்கியதும் தூர் வார ஏழுமலையைக் கூப்பிட்டிருந்தார். சத்தம் கேட்டு நான் காபியும் கையுமாக வேடிக்கை பார்க்கப் போனேன். யாரும் கூப்பிடவில்லை. நானாகத்தான் போனேன்.

ஏழுமலை அந்த வார்த்தையைச் சொன்னதும் நான் கிணற்றை எட்டிப் பார்த்தேன். சிமெண்டு உறை இறக்கிய கிணறு. கீழே, என் வீட்டுப் பக்கத்து உறை இணைப்பில், கையகலத்துக்குக் கறுப்பாக ஈரம். அதிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. வேறு மூன்று பக்கமும் மணல் வெள்ளையாக, சுத்தமாக இருந்தது.

"குழில நாம பாத்த அதே மணல் சார்" என்றான் ஏழுமலை. "அப்பிடியே சரிஞ்சு இங்க வந்து கீது. ஊத்தே அந்த வழிதான்."

மேலே மட்டும்தானே நான் மட்டம் பார்த்தேன்? களிமண்ணுக்குக் கீழே மணல் எந்தப் பக்கம் சரிகிறது என்று எந்த ரப்பர் குழாயில் பார்ப்பது?

ஞானசிகாமணி சார், "சரி ஏழுமலை, நீ போய்க் கை கால் கழுவிக்க" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். அதில் திடுக்கிடலே இல்லை. அப்போதுதான் ஆஸ்பத்திரியில் அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் புரிந்தது.

"சார்... உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

அவர் வாளிக் கயிற்றைச் சுருட்டி ஓரமாக வைத்தார்.

"கார்த்திகையிலயே தெரியும் சார். தண்ணில சோப்பு வாசனை வந்தது. அப்புறம் வேற வாசனையும் வந்தது. எமிலிதான் முதல்ல கண்டுபிடிச்சா."

"என்கிட்ட ஏன் சார் சொல்லல?"

"ரெண்டு தடவ வந்தேன். முதல் தடவ வந்தப்ப நீங்க பத்திரிகைய எடுத்துக் காமிச்சீங்க. தோட்டத்தைப் பத்தி எழுதியிருந்தீங்கல்ல... அன்னிக்குத்தான் வந்திருந்தது. அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க. நல்லா இருக்கு சார்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

"ரெண்டாவது தடவ?"

"ரோஜாப் பதியன் கேட்டு வாங்கிட்டு வந்தேன்."

அவரே தொடர்ந்தார். "தினமும் சொல்லுவா சார். போய்ச் சொல்லுங்க, அவங்க நல்ல மனுஷங்க, தப்பா எடுத்துக்க மாட்டாங்கன்னு. நல்ல மனுஷங்கங்கறதாலதான் சார் எனக்கு வாய் வரல. சண்டைக்காரங்களா இருந்தா அன்னிக்கே வேலியில நின்னு கத்தியிருப்பேன். கொதிக்க வெச்சுக் குடிக்கலாம்னு பாத்தோம். ரேஷன்ல மண்ணெண்ணெய் கிடைக்காத சமயம். இருக்கிறதுல ஷீலாவுக்கு மட்டும் கொதிக்க வெப்பா. தனக்கு வேண்டாம், ஒண்ணும் ஆகாதுன்னுட்டா. தையில தண்ணி இறங்கிடும், சரியாயிடும்னு நானும் நெனச்சேன்."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அவர் அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

என் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத்தில் சொல்லத் தெரியவில்லை. அவர் மேலும் வந்தது, மறைக்க மாட்டேன். ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே குழியை மூடியிருப்பேனே என்று மனசு பொருமியது. பிறகு யோசித்துப் பார்த்தேன். மூடியிருப்பேனா? பத்திரிகையில் எழுதிப் பாராட்டு வாங்கிய குழியை? 'சரிவு எப்படி இருக்கு பாருங்க சார்' என்று ரப்பர் குழாயை எடுத்து வந்து, அவருக்கே பாடம் நடத்தி அனுப்பியிருப்பேன். அதுதான் உண்மை. அது அவருக்கும் தெரிந்திருக்கும்.

அவர் போன பிறகு கிணற்றுச் சுவர் மேல் ஏறி நின்று தெருவைப் பார்த்தேன். இத்தனை வருஷமாகக் கண்ணுக்கு எதிரில் இருந்தது அப்போதுதான் தெரிந்தது.

கிணறு ஈசானிய மூலையில் இருக்க வேண்டும், அதாவது வடகிழக்கில். இது நம் எல்லார் வீட்டிலும் சட்டம். ஞானசிகாமணி சார் கிறிஸ்தவர், அவருக்கு அந்த நம்பிக்கை கிடையாது. ஆனால் மேஸ்திரிக்கு உண்டு. கிணற்றை ஈசானியத்தில்தான் போட்டார். கக்கூஸும் செப்டிக் டேங்கும் வாயு மூலையில், அதாவது வடமேற்கில். அதுவும் சட்டம். நானும் அப்படித்தான் கட்டினேன். சரி, இரண்டு மனை அடுத்தடுத்து இருந்தால் என்ன ஆகும்? என் வடமேற்கு மூலையும் அவருடைய வடகிழக்கு மூலையும் முட்டிக்கொண்டு நிற்கும். எங்கள் வரிசையில் எத்தனை கிணறு உண்டோ, அத்தனைக்கும் பக்கத்தில் வேலிக்கு அப்பால் இன்னொருத்தருடைய கக்கூஸ். எல்லாருடைய சாஸ்திரமும் அவரவர் வேலிக்குள் சரியாக இருந்தது.

தெருவில் ஒருத்தராவது வேலி தாண்டி ஒரு பார்வை பார்த்திருக்கிறோமா? தண்ணீர் நம் கண்ணை விட்டு மறைந்தால் பிரச்னை தீர்ந்தது என்று கணக்கை முடித்துவிடுகிறோம். கொல்லைத் தண்ணீர் மட்டும் இல்லை, எல்லாமே அப்படித்தான். நமக்குத் தெரியாத இடத்துக்குப் போய்விட்டால் அது இல்லாமல் போய்விட்டது என்று நினைப்பு.

திங்கட்கிழமை ஆபீஸுக்கு லீவு போட்டேன். நானும் ஏழுமலையுமாக வாய்க்காலைப் பிரித்தோம். செங்கல்லை எல்லாம் வெளியே எடுத்துப் போட்டோம். கறுத்து, வழவழவென்று, கிட்டே போக முடியவில்லை. குழியில் களிமண்ணை மிதித்து மிதித்து அடைத்தோம். செப்டிக் டேங்கின் வழிகிற குழாயை சிமெண்டு வைத்து மூடினேன். இனிமேல் ஆள் வைத்து அள்ள வேண்டியதுதான். மழை வந்தால் கொல்லை மறுபடி குளமாகும். ஆகட்டும். என் தண்ணீர் என் வீட்டிலேயே நாறட்டும்.

வேலிக்கு அந்தப் பக்கம் ஞானசிகாமணி சார் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "வாழையெல்லாம் போயிடுமே சார்" என்றார்.

மண்வெட்டியைப் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மனிதர் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம்.

இதையெல்லாம் பத்திரிகையில் எழுதட்டுமா என்று அவரிடம் கேட்டேன். ஷீலாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார். கோணல்மாணலாக வந்துகொண்டிருந்தது. பின்னலை விடாமலே சொன்னார்: "எழுதுங்க சார். நான் சொல்லாம இருந்தேன்ங்கறதையும் எழுதுங்க."

எழுதிவிட்டேன்.

இன்னும் ஒரு விஷயம் பாக்கி. போன மார்கழியில் எனக்கு வந்த கடிதங்களில் ஒன்று கார்டு. நாலே வரி. "தாங்கள் எழுதிய முறைப்படியே என் தோட்டத்தில் வாய்க்காலும் குழியும் அமைத்தேன். ஐந்தடியில் மணல் வந்தது. தண்ணீர் மாயமாய் மறைந்துவிட்டது. மிக்க நன்றி." கீழே, 'ஒரு வாசகர், குன்றத்தூர்' என்று மட்டும் போட்டிருக்கிறது. பெயர் இல்லை, தெரு இல்லை. சனிக்கிழமைகளில் அந்தக் கார்டை எடுத்துப் படித்து மகிழ்ந்தவன் நான். இந்த வாரம் குன்றத்தூர் போய்த் தெருத் தெருவாக அலைந்தேன். யார் வீட்டுக் கதவைத் தட்டுவது, என்னவென்று கேட்பது? திரும்பி வந்துவிட்டேன். உங்களிடம் வந்து சேர எனக்கு இந்தப் பக்கத்தை விட்டால் வேறு வழி இல்லை.

குன்றத்தூர் நண்பரே, பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டு இப்போதே பக்கத்து வீட்டுக்குப் போங்கள். உங்கள் கிணற்றுத் தண்ணீர் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள்.

நல்லா இருக்கு சார் என்றுதான் சொல்வார். நம்பாதீர்கள்.